பிரேக் நல்லாத்தான் இருக்கு, இடைவெளிதான் இல்லை

"என்ட பைக் பிரேக் அடிச்சா அந்த இடத்திலேயே நிக்கும்" என்று திருகோணமலையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த வண்டியும் அப்படி நிற்காது. கட்டாக்காலி மாடொன்று வீதிக்கு ஏறுவதைக் கண்டு கால் பிரேக்கில் பதிவதற்குள், கவனமாக ஓட்டுகிறவருக்கே ஒரு செக்கன் போய்விடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் வண்டி 17 மீற்றர் அளவில் ஓடிவிடும், பிரேக் வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான், காய்ந்த தார், நல்ல டயர் என்றாலும் இன்னும் 20 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 37.

சரி, 80இல் வந்தால்? "20 தானே கூட" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதால், 80இல் நிற்க 58 மீற்றர் அளவில் தேவை. 60இல் வந்தவர் மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்ட அதே இடத்தை, 80இல் வந்தவர் கிட்டத்தட்ட 60 வேகத்தில் கடப்பார். நானும் கணக்கில் பிழை என்றுதான் நினைத்தேன், திரும்பப் போட்டும் அதேதான் வந்தது.

கந்தளாய்ப் பக்கம் போகும்போது பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். பஸ் எதற்காக வெட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியும்போது குழி உங்கள் சில்லுக்குக் கீழே இருக்கும். பஸ் ஒரு லைட் கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள், முடிக்கும் முன்பே நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் கிட்டப் போய்விட்டீர்கள். அந்த இடைவெளிக்குள் ஓர் ஆட்டோ புகும்தான். புகட்டும், திரும்ப எண்ணுங்கள்.

மாரி தொடங்கினால் எண்ணிக்கையை நான்காக்குங்கள், ஈரத்தில் பிரேக் தூரம் இரண்டு மடங்குவரை போகும். பலநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் மோசம், தூசியும் எண்ணெயும் கலந்து தார் வழுக்கும். மீன் லொறி தண்ணீர் ஒழுக விட்டுப்போன வளைவும் அப்படித்தான். அங்கே பின்பிரேக்கை மட்டும் மிதித்து, சில்லு இறுகி, நான் சறுக்கி விழுந்திருக்கிறேன். முன்பிரேக் கவிழ்த்துவிடும் என்ற பயத்தில் பலர் அதைத் தொடுவதே இல்லை, ஆனால் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைச் சட்டென்று அல்லாமல் இறுக்கிக்கொண்டே போய்ப் பிடியுங்கள். வளைவு என்றால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அப்புறம் இரவு. தாழ்த்திய ஹெட்லைட்டில் 40 மீற்றர் அளவுதான் தெளிவாகத் தெரியும். மேலே சொன்ன 37ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் காய்ந்த வீதிக் கணக்கு. கோட்டைப் பக்கம் மான் ஒன்று குறுக்கே ஓடி முடிந்ததும் வேகத்தைக் கூட்டாதீர்கள், அதன் பின்னால் இன்னொன்று வரும்.