தோவாளைப் பூ ஆர்டரும் ஜாவா சர்வரும்: பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடுத்த படி

ஜாவாவில் கிளாஸ் (வார்ப்பு), ஆப்ஜெக்ட் (அதிலிருந்து உருவாகும் பொருள்), இன்டர்ஃபேஸ் (ஒரு கிளாஸ் செய்ய வேண்டியவற்றின் ஒப்பந்தம்) ஆகியவற்றின் இலக்கணத்தைப் படித்து முடித்த நாகர்கோவில் மாணவர்கள் பலர் உடனே ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க்கிற்கு (சர்வரின் பெரும்பகுதியைத் தயாராகத் தரும் கட்டமைப்பு) தாவிவிடுகிறார்கள். அதற்கு முன் சில வாரங்களை ஒதுக்கி, எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் ஒரு சிறிய சர்வரைத் தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தோவாளைப் பூச்சந்தையில் கேரள வியாபாரிகளிடம் ஆர்டர் வாங்கும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் ஜாவாவின் சர்வர்சாக்கெட்டை 8080 போர்ட்டில் திறந்து, பிரவுசர் அனுப்பும் எச்டிடிபி கோரிக்கையை வரிவரியாகப் படித்துத் திரையில் அச்சிடுங்கள். தலைப்பு வரிகள் ஒரு வெற்று வரியோடு முடிவதைக் கண்ணால் பார்த்தபின் மேலே செல்லலாம்.

அடுத்து, கோரிக்கையைப் படிப்பது, ஆர்டரின் விதிகள், சேமிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி கிளாஸ்களாகப் பிரியுங்கள். சேமிப்பிற்கு ஓர் இன்டர்ஃபேஸ் வைத்து, ஹேஷ்மேப்பில் (நினைவகத்தில் வைக்கும் பட்டியல்) ஒரு வடிவமும் டேட்டாபேஸில் இன்னொரு வடிவமும் எழுதுங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பொருத்தும்போது ஆர்டர் கிளாஸில் ஒரு வரியையாவது திருத்த நேர்ந்தால், நீங்கள் பிரித்த இடம் தவறு. பிச்சிக்கும் மல்லிகைக்கும் துணைக் கிளாஸ்கள் எழுத வேண்டாம். அவை பெயரிலும் விலையிலும்தான் வேறுபடுகின்றன; செயல்பாடு வேறுபடும் இடத்தில்தான் துணைக் கிளாஸ் தேவைப்படும்.

உண்மையான பாடம் பலர் ஒரே நேரத்தில் வரும்போது தொடங்குகிறது. 2023இல் வந்த ஜாவா 21இன் விர்ச்சுவல் த்ரெட்டுகளை (ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் இலகுவான வேலை இழைகள்) கொண்டு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட் கொடுப்பது எளிது. ஆனால் 10 கிலோ பிச்சி இருக்கும்போது இரண்டு வியாபாரிகள் ஒரே கணத்தில் தலா 8 கிலோ கேட்டால், இருவருக்கும் 'இருக்கிறது' என்று பதில் போய், இருப்பு 6 கிலோ குறைவில் நிற்கக்கூடும். இருப்பைச் சொல்ல ஒரு மெத்தடும் மாற்ற ஒரு மெத்தடும் வெளியே வைத்ததே இதற்குக் காரணம். 'ஒதுக்கு' என்ற ஒரே மெத்தட், சரிபார்ப்பையும் கழித்தலையும் ஒரே பூட்டுக்குள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி, செய்ய வேண்டும். தரவை ஆப்ஜெக்டுக்குள் மறைப்பது எதற்காக என்பது எனக்கே இந்த இடத்தில்தான் முழுமையாகப் புரிந்தது. சர்வர்கள் இரண்டானால், ஒரு சர்வருக்குள் மட்டுமே செல்லும் இந்தப் பூட்டும் போதாது. அந்தக் காவலை டேட்டாபேஸ் பரிவர்த்தனையிடம் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத செயல்தொகுப்பு) ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக, வலை வழியே செல்லும் அழைப்பைச் சாதாரண மெத்தட் அழைப்பைப் போல நடத்தாதீர்கள். கேரள எல்லையில் களியக்காவிளையைக் கடக்கும் வியாபாரியின் போனில் சிக்னல் அறுந்தால், ஆர்டர் சர்வருக்கு வந்து சேர்ந்திருந்தும் அதற்கான பதில் அவரை எட்டாமல் போகலாம். அவர் மறுபடி அழுத்தினால் 20 கிலோ 40 ஆகிவிடும். ஓண நேரத்தில் அது பெரிய நட்டம். ஆகவே ஆர்டர் எண்ணைப் போனே உருவாக்கி அனுப்பட்டும்; ஏற்கெனவே கண்ட எண் வந்தால், சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரட்டும். காத்திருக்கும் நேர வரம்பும் தோல்வியும் அந்த வலை அழைப்பின் இன்டர்ஃபேஸிலேயே வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

எழுதி முடித்ததும், ஒரே ஆர்டரை, அதே ஆர்டர் எண்ணுடன், கர்ல் கட்டளையால் (பிரவுசர் இல்லாமல் கோரிக்கை அனுப்பும் கருவி) இருமுறை அனுப்பி, இடையில் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். டேட்டாபேஸில் ஒரே ஒரு ஆர்டர் இருந்தால், ஃபிரேம்வொர்க்கைத் திறக்கலாம்.