லினக்ஸில் பாஸ்வேர்டு அடித்தால் எதுவும் தெரியவில்லையா?

பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்ட வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் பலர் முதல் நாளே மனம் விட்டுப்போவது, கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் ஜன்னலில்தான். நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் சுடோ (sudo) கட்டளை பாஸ்வேர்டு கேட்கும். அடிப்பார்கள், திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். பாவமாக இருக்கிறது.

கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. உபுண்டு 22.04, 24.04 பதிப்புகள் இரண்டிலும் பாஸ்வேர்டின் நீளம்கூட அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையில் நட்சத்திரக் குறி தெரியும். தைரியமாக முழுவதும் அடித்து என்டர் தட்டுங்கள்.

அப்படியும் தவறு என்று வந்தால் கீபோர்டு தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். விண்டோஸ் படம் போட்ட பட்டனோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். மாறியதா என்று டெக்ஸ்ட் எடிட்டரில் இரண்டு எழுத்து அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக், எண்களுக்கு நம்பர் லாக் (Num Lock), இரண்டையும் கவனியுங்கள். வழக்கமாக மூன்று முறை தவறினால் கட்டளை நின்றுவிடும், அவ்வளவுதான், மறுபடி கொடுக்கலாம்.

அப்புறம், டெர்மினலில் பேஸ்ட் செய்ய கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.