வீட்டுக் குப்பையைக் குறைக்க: ஈரத்தைப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது

குப்பை மேலாண்மை என்றதும் பலரும் பிளாஸ்டிக்கில் தொடங்குகிறார்கள். நான் சமையலறையில் தொடங்கச் சொல்வேன். நன்றாக இருக்கும் அட்டைப்பெட்டியும் தாளும் மீந்த சாப்பாட்டோடு ஒரே பையில் ஓர் இரவு கிடந்தால் போதும், மறுநாள் அவற்றை யாரும் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். உலக வங்கி 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகின் நகரக் குப்பையில் 44 சதவீதம் உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும்தான். அதைத் தனியே எடுத்துவிட்டால் மீதியைக் கையாள்வது சுலபம்.

பிரிப்பது

மூன்று பாத்திரங்கள் போதும்: ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததுக்கு ஒன்று, ஆபத்தானவற்றுக்கு ஒரு சின்ன டப்பா. பேட்டரி, பல்பு, பிளேடு, ஊசி, காலாவதியான மாத்திரை எல்லாம் அந்த டப்பாவுக்குள். முக்கியமாக லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். ஈரக் குப்பைக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம், அடியில் பழைய செய்தித்தாளை விரித்தால் போதும். தாளையும் சேர்த்தே உரத்தொட்டியில் போட்டுவிடலாம்.

உரத்தொட்டி

மூடியுள்ள இரண்டு வாளிகளை எடுத்து, பக்கவாட்டிலும் அடியிலும் சிறு துளைகள் போடுங்கள். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றொன்றில் போட்டு வரலாம். மண்பானை கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஈரத்தைத் தானே வெளியேற்றும். மின்சாரக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, கழிவை உலர்த்திப் பொடியாக்குவதோடு சரி. அந்தப் பொடி உரம் ஆகாது, அதன்பிறகுதான் மக்கவே தொடங்கும்.

அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் அன்றைய ஈரக் கழிவு. அதை மூடும்படி மறுபடியும் சருகு. தினமும் இதேதான். இறைச்சி, எலும்பு, எண்ணெய், செல்லப் பிராணிகளின் கழிவு இவை வேண்டாம். பெரிய குவியல் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிக் கிருமிகளைக் கொல்லும். சின்ன வாளி அந்தச் சூட்டை எட்டாது.

எல்லோரும் தடுமாறும் இடம்: சருகு

நாற்றம் வருகிறது என்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் சருகைக் குறைத்தவர்கள்தான். கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்த்தோலில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம், கரிமம் குறைவு. அந்தக் குறையைச் சருகு, மரத்தூள், கிழித்த அட்டை ஆகியவை நிரப்புகின்றன. அதைவிட முக்கியம், இவை நடுவில் காற்றுக்கு இடம் விடுகின்றன. காற்று இல்லாவிட்டால் வேறு வகை நுண்ணுயிரிகள் வந்து அழுக வைத்துவிடும்.

எடைக் கணக்கு வேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு, அவ்வளவுதான். அப்புறம் வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் பதம் சரி. வழிந்தால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூக்கும் உதவும்: அம்மோனியா நெடி அடித்தால் சருகைக் கூட்டுங்கள், அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை, நன்றாகக் கிளறிச் சருகு சேருங்கள்.

இங்கேதான் அக்கம்பக்கத்தார் தேவைப்படுகிறார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய சருகு அந்த வீட்டிலேயே கிடைக்காது. தெருவில் உதிர்வதைக் கூட்டி எரிப்பதற்குப் பதில், எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி மழை படாத ஓர் இடத்தில் சாக்கில் கட்டி வையுங்கள். நானாக இருந்தால், தெருவுக்கே பொதுவாக ஓர் உரத்தொட்டி வைப்பதற்கு முன்பே பொதுச் சருகுச் சாக்கைத்தான் வைப்பேன்.

இரண்டு மூன்று மாதத்தில் உரம் கறுத்து உதிரியாகி, மழை பெய்த மண் போல மணக்கும். சலித்து, கட்டிகளைத் திரும்ப வாளியில் போடுங்கள்.

உலர்ந்தவை

டப்பாக்களை லேசாக அலசிக் காயவைத்தால் போதும், தேய்த்துக் கழுவத் தேவையில்லை. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது என்ன வகை என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அல்ல. 1, 2, 5 ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஆள் கிடைக்கும். மற்றவற்றை எடுப்பவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். பளபளக்கும் உறையைக் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே நின்றால் அலுமினியத் தாள், விரிந்துகொண்டால் பூச்சு போட்ட பிளாஸ்டிக். பல அடுக்கு ஒட்டிய இந்த இரண்டாவது வகையைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். வாங்குவதைக் குறைப்பதுதான் வழி. அலுமினியத்தை விடவே விடாதீர்கள், பழையதை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். வழவழப்பான கடை ரசீதைத் தாளோடு சேர்க்காதீர்கள்.

பிறகு சேர்த்தது

இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்கான பதில். வெள்ளைப் பூஞ்சை நல்ல அறிகுறி, அப்படியே விடுங்கள். பழ ஈ மொய்த்தால் மேலே சருகு மூட்டம் போதவில்லை. தடித்த பழுப்புப் புழுக்கள் பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும்.

பொதுத் தொட்டியில் யாரோ பிளாஸ்டிக்கைப் போட்டுவிடுகிறார்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையைவிட, வாய் சிறிய மூடியும் அதன்மேல் ஒட்டிய நான்கைந்து படங்களும் பலன் தரும். முதலில் ஆர்வமுள்ள சில வீடுகள் மட்டும் பயன்படுத்தட்டும். உரம் கைக்கு வந்ததும் மற்றவர்களிடம் ஒரு பிடி கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.