தாத்தாவின் பெட்டியில் பழைய துப்பாக்கித் தொலைநோக்கி இருக்கிறதா?

பட்டாளத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிய தாத்தாவின் தகரப் பெட்டியில், குறிபார்க்கும் பழைய தொலைநோக்கி கிடைத்தால், குத்துவிளக்கைப்போல அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அதன் பிறப்புக் கதை முழுவதும் மேலே பொறித்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய லீ என்ஃபீல்டு நம்பர் 4 டி (T) என்ற, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி வகையை எடுத்துக்கொள்வோம். அதன் தொலைநோக்கிக் குழாயில் 'நம்பர் 32' என்ற பெயர், எந்தப் பதிப்பு என்று சொல்லும் மார்க் எண், தயாரிப்பாளர் குறி, ஆண்டு ஆகியவை இருக்கும். துப்பாக்கியின் எண் தொலைநோக்கித் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண் துப்பாக்கியின் பின்புற மரக்கட்டையில் கைபிடிக்கும் ஒடுங்கிய கழுத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அது பிரியாத ஜோடி. எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கண்டுபிடிப்பு வேறில்லை. துப்பாக்கியில் 'எம்47சி' (M47C) என்றிருந்தால், அதைச் செய்தது இங்கிலாந்தின் ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் தொழிற்சாலை. கட்டையின் அடியில் 'எஸ்51' (S51) இருந்தால், தொலைநோக்கியைப் பொருத்தியது லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம்.

துப்பாக்கியே கிடைத்தால் முதலில் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். உரிமமின்றி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.