ஆன்லைன் ஓப்பன் மைக்ல கவிதை படிக்கறப்ப நம்மாளுங்க பண்ற தப்புங்க

ஓப்பன் மைக்னா யார் வேணா பேர் குடுத்துப் படிக்கற கூட்டம். அதுல ஆன்லைன்ல அதிகமா சொதப்பறது புதுசா எழுதறவங்க இல்லீங்க, கவியரங்க மேடைல பேசிப் பழகுனவங்கதான். மேடைல ஒரு வரிய சொல்லி நிறுத்தி, மறுபடி அதே வரிய இழுத்துச் சொன்னா கைதட்டு விழும், நமக்கும் மூச்சு வாங்க நேரம் கெடைக்கும். ஜூம்ல எல்லாரும் மியூட். நீங்க கைதட்டுக்காக நிக்கற அந்த கேப்ல, நெட் கட்டாயிடுச்சோன்னு ஆளாளுக்கு போனைத் தட்டிப் பாத்துட்டு இருப்பாங்க. அதே மாதிரி குரலையும் சேலம் நேரு கலையரங்கத்துக் கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி ஏத்த வேணாம், கேக்கறவர் ஹெட்செட் மாட்டியிருக்காரு, நீங்க ஏற்கெனவே அவரு காதுக்குள்ளதான் இருக்கீங்க, மெதுவாப் பேசுனாலே போதும்.

ஹைக்கூ மட்டும் வேற கேஸ். மூணே வரி, ஜனங்க காதைத் தீட்டிக்கிட்டு உக்கார்றதுக்குள்ள முடிஞ்சுடும். அதை ரெண்டு தடவ படிங்க, தப்பே இல்ல.

அடுத்தது முன்னுரை. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு சொல்லியிருப்பாங்க, அதுல மூணு நிமிஷம் "இந்தக் கவிதை எப்படி உருவாச்சுன்னா"ன்னே போயிடும். ஜூம் இலவசக் கணக்குல மீட்டிங்கே 40 நிமிஷம்தான், அஞ்சஞ்சா எட்டு பேர் படிச்சாலே தீந்துடும், இதுல ஹோஸ்ட் வணக்கம் சொல்லணும், யாராவது மியூட்ல படிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க, கடைசில பேர் குடுத்த பொண்ணு ரெண்டாவது வரில இருக்கறப்ப மீட்டிங் மூடிக்கும். பேரு, தலைப்பு, கவிதை, அவ்ளோதான். கவிதைய விளக்கித்தான் புரிய வைக்கணும்னா அது இன்னும் எழுதி முடியலன்னு அர்த்தம், இது என்னோட கருத்து, சண்டைக்கு வராதீங்க.

இப்ப சத்தம். இதுதான் பல பேருக்குத் தெரியாத ஏரியா. செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைங்களப் பத்தி ஒருத்தர் கவிதை படிச்சாரு, நடுவுல நெசக் கொலுசு ஒண்ண எடுத்து மைக்குக்கிட்ட குலுக்குனாரு. நல்ல ஐடியாதான், ஆனா எங்க யாருக்கும் ஒண்ணுமே கேக்கல, ஸ்கிரீன்ல கை ஆடுது, கொலுசு ஆடுது, சத்தம் மட்டும் இல்ல. ஜூம்ல பின்னணிச் சத்தத்தக் கொறைக்கற வசதி தானாவே ஆன்ல இருக்கும், மனுசக் குரல் இல்லாதத எல்லாம் அது குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடும். பறை, உடுக்கை, சலங்கை எது சேத்தாலும் இதே கதிதான். ஆடியோ செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணிக்கிட்டு நண்பர் ஒருத்தரோட முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

ஆனா அம்மாபேட்டை, குகை பக்கம் வீட்டுக்குப் பக்கத்துலயே தறி ஓடுதுன்னா 'ஒரிஜினல் சவுண்ட்' பக்கமே போக வேணாம். பவர்லூம் சத்தத்த அந்த சத்தம் கொறைக்கற வசதி ஓரளவு நல்லாவே அமுக்கிடும். ஒண்ணு, நீங்க ரொம்ப கிசுகிசுன்னு படிச்சா அதையும் சேத்து முழுங்கிடும், வரியோட கடைசி வார்த்தை காணாமப் போகும். நம்ம கவிதைல கனமே கடைசி வார்த்தைலதான் இருக்கும்! மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, குரலை வரி முடியற வரைக்கும் ஒரே அளவுல புடிச்சுக்கங்க. ஃபேன நிறுத்திடுங்க, மே மாசத்து சேலத்துல கஷ்டம்தான், ஆனாலும் அஞ்சு நிமிஷம்தானே.

மீட்டிங்கும் கவிதையும் ஒரே போன்ல வேணாம். நோட்ஸ் ஆப்புக்கு மாறுனதும் கேமரா நின்னுடும், நடுவுல ஒரு போன் கால் வந்தா மைக்கும் போச்சு. பேப்பர்ல பெருசா எழுதி வச்சுக்கங்க. பேப்பர கைல புடிக்காம சுவத்துல ஒட்டிடுங்க, அது சரசரக்கறது கவிதைய விட நல்லாக் கேக்கும்.

ஏற்காட்டுல இருந்து கலந்துக்கறவங்க வீடியோவப் பத்தி ஆசப்படாதீங்க. காப்பித் தோட்டம், பின்னாடி பனி, பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா மழை அடிச்சா கரண்டும் சிக்னலும் ஒண்ணாப் போற ஊரு அது. வீடியோவுக்கு சுமாரா 600 கேபிபிஎஸ் நெட் ஸ்பீடு வேணும், வெறும் குரலுக்கு 60லருந்து 80 இருந்தாப் போதும். மொகத்தக் காட்டி வணக்கம் சொல்லிட்டு, கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் படிங்க. வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டா பேக் போட்டு வச்சுக்கங்க, கரண்ட் போனா ரூட்டரும் போயிடும்ல.

படிச்சு முடிச்சதும் லீவ் அழுத்திட்டு ஓடறது, அதுக்கு நான் தனியா ஒண்ணும் சொல்லல, எல்லாருக்கும் தெரியும் அது எப்படிப்பட்ட பழக்கம்னு.

ரெக்கார்டிங் விஷயம் மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க. நெறைய பத்திரிகைங்க வேற எங்கயும் வராத படைப்புதான் வேணும்னு கேக்கறாங்க, நீங்க படிச்சது யூடியூப்ல ஏறிடுச்சுன்னா அதை வெளிவந்ததாவே எடுத்துக்கற ஆசிரியர்ங்களும் இருக்காங்க. ரெக்கார்ட் பண்றீங்களா, எங்க போடுவீங்கன்னு ஹோஸ்ட்ட பேர் குடுக்கறப்பவே கேட்டுடுங்க. போட்டிக்கு அனுப்பி வச்ச கவிதைய அன்னிக்குப் படிக்காதீங்க, பழசுல ஒண்ண எடுங்க.