குட்டி நீர் ஆமை சாப்பிடவில்லையா? தீனியை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டி நீர் ஆமை வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: சாப்பிடவே மாட்டேன் என்கிறது, வேறு என்ன கொடுக்கலாம்? பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் நாலு விதத் தீனியை வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், தின்னாதது எல்லாம் அடியில் ஊறி அழுகுகிறது, தண்ணீர் கெடுகிறது, குட்டி இன்னும் சோர்ந்துபோகிறது. பெரும்பாலும் கோளாறு தீனியில் இல்லை. தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. சுற்றியிருக்கும் சூட்டைப் பொறுத்துத்தான் அதற்குப் பசி எடுக்கும், தின்றது செரிக்கும், நோயைத் தாங்கும் தெம்பும் இருக்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் சிவப்புக் காது ஆமையின் குட்டிக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள், குறைவாக இருந்தால் உறையுள்ள ஹீட்டர் வையுங்கள். இப்போதுதான் முட்டையிலிருந்து வந்த குட்டி என்றால் அதன் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவே சில நாட்களுக்குப் போதும், புது இடத்துக்கு வந்த பயமும் சேர்ந்திருக்கும், அதனால் ஓரிரு நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். சரியான சூட்டில், தொந்தரவு இல்லாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்த பெரிய தவறு, நடுவில் பிளாஸ்டிக் மரம் நிற்கும் அந்தச் சின்னக் கிண்ணம். அதை விற்பதையே நிறுத்த வேண்டும் என்பேன். அதில் நீந்த ஆழம் இல்லை, ஹீட்டர் வைக்க இடம் இல்லை, விளக்கு மாட்ட வழி இல்லை. நீர் ஆமை என்றாலும் அது தண்ணீரை விட்டு முழுசாக ஏறி, உடம்பு காய்ந்து உட்கார ஒரு மேடை வேண்டும். மேடையில் சூடு 32 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். அதோடு யுவிபி (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர்) தரும் விளக்கும் தேவை, தினமும் 10 முதல் 12 மணி நேரம்.

இந்த விளக்கைத்தான் நிறைய பேர் ஆடம்பரம் என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். யுவிபி பட்டால்தான் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். அது இல்லாமல் கால்சியத்தை மட்டும் கொட்டிக் கொடுத்துப் பயனில்லை, ஓடு மெத்தென்று ஆகி, வளைந்து, கடைசியில் கால் ஊன்றி நடக்கவே முடியாமல் போகும். ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோமே என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சரி, வெளியில் நேர் வெயிலில் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம், ஆனால் கண்ணாடித் தொட்டியோடு வைக்கவே கூடாது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிநிலைக்குப் போகாவிட்டாலும் குட்டியைக் கொல்லும் அளவுக்குச் சூடாகிவிடும். அகலமான தொட்டியில், பாதி நிழல் இருக்கும்படி, நீங்கள் பக்கத்திலேயே இருந்து வெயில் காட்டுங்கள். யுவிபி பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் நாளடைவில் குறையும், எனவே கம்பெனி சொல்லும் காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் தீனி சுலபம். குட்டி ஆமைகளுக்கென்று வரும் நல்ல பெல்லட்தான், அதாவது சின்னக் குச்சி, உருண்டை வடிவில் கடையில் கிடைக்கும் தீனிதான், அடிப்படை உணவு. உலர்ந்த இறால் பாக்கெட்டை மட்டுமே வைத்து மாதக்கணக்கில் ஓட்டுவது பரவலான தவறு. குட்டி ஆசையாகத் தின்னும், ஆனால் வைட்டமின் ஏ கிடைக்காது, கண் வீங்கி மூடிக்கொள்ளும், கண் தெரியாததால் தீனியும் தேடாது. அதை எப்போதாவது கொடுங்கள். வெறும் இறைச்சித் துண்டும் அப்படித்தான், அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ரொட்டி, பால், சோறு வேண்டவே வேண்டாம். குட்டிப் பருவத்தில் புழு பூச்சி மேல்தான் நாட்டம் என்றாலும் கீரையையும் நீர்ச்செடியையும் இப்போதே பழக்குங்கள், பெரிதானதும் அதுதான் முக்கிய உணவு. பசலைக்கீரையைத் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்று தண்ணீரில் மிதக்கட்டும், வேண்டும்போது கொறிக்கும்.

அளவு? தினம் ஒருமுறை, அதன் தலை அளவுக்கு. உங்களைப் பார்த்ததும் கண்ணாடியை முட்டி நீந்துவதைப் பசி என்று எடுத்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தால் கால் இடுக்கில் சதை பிதுங்கும் அளவுக்குக் கொழுப்பு சேரும். தீனியைத் தண்ணீருக்குள்தான் போட வேண்டும், நீர் ஆமைகளால் வெளியில் வைத்து எளிதாக விழுங்க முடியாது.

பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீரில்கூட, கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு இருக்கலாம். மீனைவிட ஆமை அதிகம் அசுத்தம் செய்யும், அதனால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்காவது ஏற்ற ஃபில்டர் போடுங்கள், வாரம் ஒருமுறை ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். வாய்க்குள் போகும் அளவு சின்னக் கூழாங்கல் வேண்டாம், விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். ஓட்டுக்கு எண்ணெய், பெயிண்ட் எதுவும் கூடாது.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக் குழந்தைகள். நல்ல ஆரோக்கியமான ஆமையும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். 4 அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை போட்டதே குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வந்ததால்தான். தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் அலசக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, 20, 30 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். இடம் போதவில்லை என்று குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள், அங்கிருக்கும் உள்ளூர் ஆமைகளின் தீனியையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வளர்க்க முடியாத நிலை வந்தால் வளர்க்கத் தெரிந்த இன்னொருவரையோ விலங்கு மீட்பு அமைப்பையோ தேடிக் கொடுங்கள், அதற்குச் சில வாரங்கள் ஆனாலும்.