எக்சிமாவோடு குளிர்நாட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குறைக்க வேண்டியது வெந்நீரை

சிறுவயதில் எக்சிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி இருந்து, வளர்ந்தபின் அதை ஏறக்குறைய மறந்துவிட்டவர்கள் பலர், குளிர்நாட்டில் தங்கள் முதல் பனிக்காலத்தில் அது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் இமைகளிலும் திரும்பி வருவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்வார், சாப்பாடு சரியில்லை என்று இன்னொருவர் சொல்வார், தொலைபேசியில் நலம் விசாரிக்கும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு களிம்பின் பெயரைச் சொல்வார்கள். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த நண்பருக்கு இப்படிக் கிடைத்த ஆலோசனைகள் ஏராளம். எப்படிக் குளிக்கிறாய் என்று மட்டும் அவரை யாரும் கேட்கவில்லை. தகுதிகாண் காலத்தில் இருந்த வேலையை அவர் அந்தக் குளிர்காலத்தில் இழந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் நன்றாக இருக்கும்போதே, வந்து சேர்ந்த முதல் வாரங்களில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பல நாடுகளில் அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தோல் மருத்துவரைப் பார்க்க முடியாது, கடிதம் கிடைத்த பின்னும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காப்பீட்டுப் படிவம் பழைய நோய்களைக் கேட்டால் எக்சிமாவை மறைக்காமல் எழுதுங்கள். மருந்துகளின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உட்பொருளின் பெயரையும் அதன் சதவீதத்தையும் குறித்துக்கொண்டு, மருந்துகளை அவற்றின் பெட்டியோடும் மருந்துச்சீட்டோடும் கொண்டுவாருங்கள்.

இனி காற்றைப் பற்றி. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் அதே அளவு காற்று 17 கிராம் வரை தாங்கும். வெளியே ஈரப்பதம் 90 சதவீதம் என்று கைபேசி காட்டினாலும், அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் சூடானதும், நீராவி கூடாமல் வெப்பம் மட்டும் கூடுவதால், ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் வெளியில் நடக்கும் அரைமணி நேரத்தைவிட, ஹீட்டர் ஓடும் அறையில் இருக்கும் மீதி நேரமெல்லாம் தோலிலிருந்து நீரை அதிகம் இழுக்கிறது. எக்சிமா உள்ளவரின் தோலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் திறன் முன்பே குறைவு. தோலின் மேலடுக்கைக் கட்டமைக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறைகள் இந்நோய்க்கு வலுவான காரணி என்பது 2006-இல் தெரியவந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வாழ்ந்தவரை அந்தக் குறையைக் காற்றே ஓரளவு ஈடுசெய்துவந்திருக்கும், நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம்.

இந்தக் காற்றோடு வெந்நீர் சேரும்போதுதான் பொறி முழுமையாகிறது. என் நண்பர் இரவுப் பணி முடித்து, கைகால் விறைத்துப்போய் வீடு திரும்புவார். ஷவரைத் தாங்கக்கூடிய அளவுக்குச் சூடாக்கி அதன்கீழ் நெடுநேரம் நிற்பார். அப்படி நிற்கும்போது அரிப்பு முற்றிலும் அடங்குகிறது என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார், அந்தக் கண்டுபிடிப்புதான் அவரைக் கெடுத்தது. வலிக்கும் எல்லையைத் தொடும் சூடு, வலியை உணர்த்தும் நரம்புகளைத் தூண்டி அரிப்பு உணர்வைச் சிறிது நேரத்துக்கு அடக்கிவிடும். சொறிவது சுகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் அதே சூடு தோலின் இயற்கையான கொழுப்பை உருக்கிக் கழுவிக்கொண்டு போகிறது, இரத்த ஓட்டத்தைக் கூட்டி அழற்சியை வளர்க்கிறது. வெளியே வந்து துவட்டிய சில நிமிடங்களில் மேலே மிச்சமிருக்கும் நீர் ஆவியாகி, தோல் முன்னைவிட வறண்டு இறுகுகிறது. அரை மணி நேரம் கழித்து அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பும்போது, குளித்ததால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. குளித்தும் போகவில்லையே என்றுதான் தோன்றும். அவருக்கும் அப்படியே தோன்றியது, ஆகவே தூங்கப் போகுமுன் இன்னொரு முறை வெந்நீரில் நின்றார்.

நாள்கள் செல்லச் செல்ல முழங்கை மடிப்பில் நீர் கசிந்தது, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியது. அழுக்கினால் வந்த புண் என்று நினைத்துக் கிருமிநாசினித் திரவத்தை வெந்நீரில் ஊற்றிக் குளித்தார். தோல் எரிந்து வெடித்தது. எக்சிமா தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதில் குடியேறும், கசிவும் பொருக்கும் அதன் வழக்கமான அடையாளங்கள். அதற்கு மருத்துவரின் சிகிச்சைதான் வேண்டும். வலியும் தூக்கமின்மையுமாக அவர் எடுத்த விடுப்புகளை, ஒரு தோல் அரிப்புக்கு இத்தனை நாளா என்று நிறுவனம் கேட்டது. பின்னர் வந்த ஒரு தோல் சிகிச்சைச் செவிலியர்தான் களிம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே குளியலைப் பற்றிக் கேட்டார்.

அந்த அம்மையார் சொன்ன முறையை அப்படியே தருகிறேன். நாளொன்றுக்கு ஒருமுறை, 5 முதல் 10 நிமிடங்களுக்குள், உடல் வெப்பமான 37 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். குளியலறையிலேயே குளிர் தாங்காமல்தான் பலரும் சூட்டைக் கூட்டுகிறார்கள், ஆகவே முடிந்தால் குளியலறையை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு நீரின் சூட்டைக் குறையுங்கள். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை பிஎச் (அமில-கார அளவு) கொண்ட மென்மையான அமிலத்தன்மை உடையது. கட்டிச் சோப்புகளின் பிஎச் பெரும்பாலும் 9-க்கு மேல், அதாவது காரத்தன்மை. ஆகவே நுரைக்காத, வாசனை சேர்க்காத சோப்பு மாற்றுப் பொருளை அக்குளிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் மட்டும் பயன்படுத்தினால் போதும். நாரோ பிரஷோ தேவையில்லை. துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், மாய்ஸ்சரைசரைத் தடவிவிட வேண்டும். கிரீம் டப்பா படுக்கையறையில் இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகிவிடும், குளியலறையிலேயே வையுங்கள். அரிப்பு தாங்காத நேரத்தில் ஷவருக்கு ஓடாமல், ஈரத்துணியை அந்த இடத்தில் ஒற்றி வைத்து, உடனே கிரீம் தடவுங்கள். வெந்நீர் தரும் உடனடிச் சுகம் இதில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் பொறுமை தேவைப்படும்.

மாய்ஸ்சரைசர் வாங்குவதில் நம்மவர்கள் காட்டும் சிக்கனம் என்னைப் பொறுமை இழக்கச் செய்கிறது. உடல் முழுவதும் வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 500 கிராம் வரை தேவைப்படும். அழகுசாதன அலமாரியில் இருக்கும் சிறிய குப்பி இரண்டு நாளுக்குக்கூடப் போதாது. பெரிய டப்பாவாக, வாசனையற்றதாக வாங்குங்கள், தோல் தெளிந்த பிறகும் நிறுத்தாதீர்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். லோஷனா, கிரீமா, ஜெல்லா, களிம்பா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்: இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நான்குக்கும் இடையே பலனில் வேறுபாடு தெரியவில்லை, நீங்கள் விடாமல் தடவக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு உரியது. யூரியா கலந்தவை வெடித்த தோலில் எரியும், ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தும். எந்த மாய்ஸ்சரைசரும் துணியில் ஊறிக் காய்ந்திருந்தால் அத்துணி எளிதில் தீப்பற்றும், துவைத்தாலும் முழுவதும் போகாது. அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் ஆகியவற்றின் அருகே எச்சரிக்கையாக இருங்கள்.

பணத்தைக் கரைக்கும் வேறு சில பொருள்களை வாங்காமலே விடலாம். குழாய் நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி எக்சிமாவைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். 2011-இல் வெளியான ஆய்வில் அதைப் பொருத்திய வீடுகளின் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் ஏதும் காணப்படவில்லை. எக்சிமாவுக்கென்று விற்கப்படும் பட்டு உள்ளாடைகளைப் பற்றி 2017-இலும், குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகளைப் பற்றி 2018-இலும் வெளிவந்த ஆய்வுகளின் முடிவும் இதுவே. என் நண்பர் சம்பளமில்லாத மாதத்தில் வாங்கிய ஒரு வடிகட்டி இன்னும் எங்கள் பழைய வீட்டின் குழாயில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டுக் களிம்பைக் கண்டு அஞ்சி ஒரு பொட்டு மட்டும் வைப்பதும் தவறு. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்றாய்க் கலந்த, யாரோ பெட்டியில் கொண்டுவந்த களிம்பை முகத்தில் மாதக்கணக்கில் தேய்ப்பது அதைவிடப் பெரிய தவறு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு ஏறத்தாழ அரை கிராம்; அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்குப் போதுமானது. எந்த வலிமை, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரவுதான் அரிப்பு மிகுவதால், படுக்கையறைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஹீட்டரை 18 டிகிரி அளவில் வைத்து, ஒரே கனத்த போர்வைக்குப் பதிலாக எடுத்துவிடக்கூடிய மெல்லிய அடுக்குகளாகப் போர்த்திக்கொள்ளுங்கள், வியர்த்தால் அரிக்கும். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். முரட்டுக் கம்பளியைத் தோலில் நேரே படவிடாமல் உள்ளே பருத்தி அணியுங்கள், புதுத்துணியை ஒருமுறை துவைத்துவிட்டு உடுத்துங்கள், துணிக்கு வாசனையூட்டும் திரவத்தைத் தவிருங்கள். காற்றை ஈரமாக்கும் கருவி வாங்கினால் ஈரப்பதமானியும் வாங்கி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் தூசுப்பூச்சியும் பூஞ்சையும் பெருகும், அவை வேறு தொல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலைகள் பல தண்ணீரில் கை வைக்கும் வேலைகள்: பாத்திரம் கழுவுதல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு. எக்சிமா இருந்தவருக்கு இவ்வேலைகளில் கைகள் முதலில் பாதிக்கப்படும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, உள்ளே ஈரமானதும் மாற்றுங்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ வெடிப்போ இல்லாதபோது, சோப்பைவிடக் கிளிசரின் கலந்த ஆல்கஹால் கைத்தேய்ப்பு தோலுக்குக் குறைவான கேடு செய்யும். வேலை தொடர்பான தோல் பாதிப்பைத் தொடக்கத்திலேயே மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாயால் சொன்னது பின்னர் எவருக்கும் நினைவிருக்காது.

உணவைப் பற்றி ஒன்றே ஒன்று: பெரியவர்களின் எக்சிமாவுக்கு உணவு காரணமாக இருப்பது அரிது, குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் ஒவ்வொரு உணவாக நிறுத்துவது வளர்ச்சியைக் கெடுக்கும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பாடநூல்களில் எக்சிமா பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சிவந்த திட்டாகவே காட்டப்பட்டு வந்தது. நம் நிறத்தில் அது பழுப்பாகவோ ஊதா கலந்த சாம்பலாகவோ, சில சமயம் மயிர்க்கால்களைச் சுற்றிய சிறு பருக்களாகவோ தெரியும். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு நம்முடைய கடுமையான எக்சிமா இலேசானதாகத் தோன்றிவிடும், அப்படித்தான் என் நண்பரின் முதல் சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்தது. ஆகவே தோல் மோசமாக இருக்கும் நாள்களில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எக்சிமாவின் கடுமையை அளக்கும் போயம் (POEM) என்ற ஏழு கேள்விப் படிவத்தைக் கடந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்து நிரப்பி, 28-க்கு எவ்வளவு என்ற எண்ணோடு செல்லுங்கள். அரிக்கிறது என்று சொல்வதைவிட, வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்று சொல்வது அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். குணமான இடத்தில் தங்கும் கருமையோ வெளிறலோ மாதக்கணக்கில் நீடித்து மெல்ல மறையும். அதைப் போக்க வெளுப்பூட்டும் கிரீம்களைத் தொடாதீர்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. எக்சிமா உள்ள இடத்தில் ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, குத்தியெடுத்ததுபோன்ற வட்டமான புண்களாக மாறி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் பரவியதன் அடையாளமாக இருக்கக்கூடும். உதட்டோரக் கொப்புளம் உள்ளவரிடமிருந்து அது தொற்றும். அப்படிக் கொப்புளம் உள்ள யாரும் எக்சிமா உள்ள குழந்தையை முத்தமிடக் கூடாது. அத்தகைய புண்களைக் கண்டால், குடும்ப மருத்துவரின் அடுத்த சந்திப்புக்காக இருக்காமல், அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கண்ணருகே வந்திருந்தால் அதை வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிடுங்கள்.